நட்ட கணக்கு வேறு, பிழைத்த கணக்கு வேறு: சூழல் மீட்பின் பலனை அளக்கப் போகிறவர்களுக்கு

குளம் தூர்வாரியாகிவிட்டது. அல்லது தரிசு நிலத்தில் கன்றுகள் நட்டாகிவிட்டது. அல்லது இன்னும் எதுவுமே தொடங்கவில்லை. எதுவானாலும் ஒருநாள் யாராவது கேட்கத்தான் போகிறார்கள்: "இதனால் என்ன மாறியது?" பதில் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது, இதற்குமுன் இந்த வேலை செய்து பழக்கமில்லை என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். சூழலியல் பட்டமோ புள்ளியியல் பட்டமோ இல்லாமலும் இதைச் செய்யலாம். பிடிவாதம் மட்டும் கொஞ்சம் தேவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவீட்டில் எதைத் தவறவிட்டாலும் ஏதோ ஒரு வகையில் சரிக்கட்டிவிடலாம். வேலை தொடங்குவதற்கு முன்பு அந்த இடம் எப்படி இருந்தது என்பதைத் தவறவிட்டால் மட்டும் பிறகு பணம் கொடுத்தாலும் கிடைக்காது. அதனால் கீழே உள்ள படிகளில் முதல் ஐந்தும் மண்வெட்டி எடுப்பதற்கு முன்பே முடிய வேண்டியவை.

1. கருவி வாங்கும் முன் கேள்வியை எழுதுங்கள்

கையில் நீர்ச் சோதனைப் பெட்டி இருக்கிறது என்பதற்காக நீரைச் சோதிப்பதும், பறவை பார்க்கத் தெரிந்தவர் குழுவில் இருக்கிறார் என்பதற்காகப் பறவைகளை எண்ணுவதும் பரவலாக நடக்கிறது. அப்படிச் சேரும் எண்களால் யாருக்கும் பயனில்லை. ஒரு தாளில் இந்த மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்:

- எந்த இடத்தில், யாருக்கு, என்ன மாற வேண்டும்?
- எவ்வளவு மாறினால், எப்போதுக்குள் மாறினால், வேலை பலித்தது என்று ஒப்புக்கொள்வீர்கள்?
- மாறவில்லை என்று தெரிந்தால் எதை வேறு மாதிரி செய்வீர்கள்?

மூன்றாவதற்கு விடை எழுத முடியவில்லையா? அந்த அளவீட்டை விட்டுவிடுங்கள். எந்த முடிவையும் மாற்றாத எண்ணுக்காக வெயிலில் அலைய வேண்டாம்.

அடுத்து, நீங்கள் செய்ததையும் அதனால் நடந்ததையும் பிரித்து எழுதுங்கள். 5,000 கன்றுகள் நட்டது நீங்கள் செய்த வேலை. மூன்றாண்டு கழித்து எத்தனை உயிரோடு நிற்கின்றன என்பது அதன் விளைவு. அந்த நிலத்தில் மழைநீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்குகிறதா, உள்ளூர்ச் செடிகள் தாமாக முளைக்கின்றனவா, பக்கத்தில் வாழ்பவர்களுக்கு அதனால் ஏதாவது கிடைத்ததா என்பவைதான் தாக்கம். பெரும்பாலான அறிக்கைகள் முதல் வகை எண்ணைக் காட்டிவிட்டு மூன்றாம் வகையைச் சாதித்ததுபோலப் பேசும்.

எதையெல்லாம் அளக்கலாம் என்று தெரியாமல் திகைத்தால், சொசைட்டி ஃபார் எக்காலஜிக்கல் ரெஸ்டோரேஷன் என்ற சர்வதேச அமைப்பு 2019-இல் வெளியிட்ட மீட்புத் தரநிலைகளின் இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். அச்சுறுத்தல்கள் நீங்கியிருப்பது, மண் நீர் போன்ற பௌதிக நிலை, உயிரினங்களின் கலவை, அடுக்கமைப்பு, சூழல் இயக்கம், சுற்றுப்புறத்தோடு உள்ள தொடர்பு என ஆறு தலைப்புகளில் நட்சத்திர மதிப்பீடு போடும் சக்கரம் ஒன்று அதில் இருக்கிறது. மக்களுக்குக் கிடைக்கும் நன்மைகளுக்கும் தனியாக ஒரு சக்கரம் உண்டு. எல்லாக் கட்டங்களையும் நிரப்ப முயல வேண்டாம். உங்கள் கேள்விக்குப் பொருந்தும் நான்கைந்து போதும். இருபது குறியீடுகளை ஒரு வருடம் அளப்பதைவிட ஐந்தைப் பத்து வருடம் அளப்பது மேல்.

2. காகிதங்களை முதல் நாளே தொடங்குங்கள்

களப்பணி தள்ளிப்போவதற்கு மழையைவிட அனுமதிக் கடிதங்கள்தான் அதிகக் காரணம். தேவைப்படக்கூடியவை:

- நிலத்துக்கு உரியவரின் எழுத்துபூர்வ அனுமதி. வேலை செய்வதற்கு மட்டுமல்லாமல், வேலை முடிந்த பிறகும் இத்தனை ஆண்டுகள் வந்து அளப்போம் என்று அதில் வாசகம் இருக்க வேண்டும். நிலம் கைமாறினால் இந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும்.
- பாதுகாக்கப்பட்ட பகுதியில் நுழைய, உயிரினங்களைப் பிடிக்க, மாதிரி எடுக்க உரிய துறையின் அனுமதி. இது மாதக்கணக்கில் இழுக்கும். மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதற்கு முதலில் விண்ணப்பியுங்கள்.
- ட்ரோன் பறக்கவிடுவதாக இருந்தால் அதற்கான தனி அனுமதி.
- மக்களிடம் கேள்வி கேட்பதாக இருந்தால் ஒப்புதல் படிவம், அவர்களுக்குப் புரியும் மொழியில். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி ஒப்புதலைப் பதிவு செய்யுங்கள். சிறுவர்கள் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதலும் வேண்டும்.
- அளவீட்டு நெறிமுறை: யார், எங்கே, எப்போது, எந்தக் கருவியால், எந்த வரிசையில் அளப்பது என்பதை எழுதிய ஆவணம். உங்களை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவர் இதை மட்டும் படித்துவிட்டு அதே இடத்தில் அதே அளவை எடுக்க முடிய வேண்டும். முடிகிறதா என்று உண்மையிலேயே ஒருவரை அனுப்பிப் பாருங்கள்.
- நடவுப் பதிவேடு: இனம், எண்ணிக்கை, தேதி, எந்த நாற்றங்காலிலிருந்து வந்தது, எப்போது மறுநடவு செய்தது.
- தரவு யாருக்குச் சொந்தம், யார் வெளியிடலாம் என்ற ஒரு பக்க ஒப்பந்தம். இரண்டு அமைப்புகள் சேர்ந்து செய்யும் வேலையில் இது இல்லாவிட்டால் கடைசியில் மனக்கசப்பு நிச்சயம்.

3. தொடக்கநிலையைப் பிடியுங்கள்

வேலைக்கு முன் ஒரு முழு ஆண்டு, எல்லாப் பருவங்களையும் தழுவி அளப்பது உத்தமம். அவ்வளவு அவகாசம் தர யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும். குறைந்தபட்சம், பின்னால் எந்தப் பருவத்தில் திரும்ப அளக்கப் போகிறீர்களோ அந்தப் பருவத்தில் ஒருமுறையாவது அளந்துவிடுங்கள். வறண்ட காலத்தில் எடுத்த "முன்" படத்தையும் மழைக்குப் பிறகு எடுத்த "பின்" படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது இந்தத் துறையின் பழைய தந்திரம். தெரியாமல் செய்தாலும் தந்திரம் தந்திரம்தான்.

மிக மலிவான, மிகப் பயனுள்ள அளவீடு நிலைப்புள்ளிப் புகைப்படம். நிலத்தில் ஒரு முளைக் குச்சியோ கல்லோ நடுங்கள். ஜி.பி.எஸ். ஆயத்தொலைவு, கேமராவின் உயரம், திசைகாட்டி காட்டும் கோணம், மாதம், நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஜூம் செய்யாதீர்கள். அடுத்த முறை போகும்போது முதல் படத்தை அச்சிட்டுக் கையில் எடுத்துச் செல்லுங்கள், அப்போதுதான் சட்டகம் பொருந்தும். கைபேசி ஜி.பி.எஸ். திறந்தவெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், மரக்கூரையின்கீழ் இன்னும் மோசம். எனவே ஆயத்தொலைவை மட்டும் நம்பி அதே புள்ளிக்குத் திரும்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நிலத்தில் அடையாளம் வேண்டும்.

வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டதா? எல்லாம் போய்விடவில்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் 30 மீட்டர் துல்லியப் படங்கள் 1980-களிலிருந்தும், சென்டினல்-2-இன் 10 மீட்டர் படங்கள் 2015-இலிருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. வேலை பகுதி பகுதியாக நடக்கிறது என்றால், இன்னும் கைவைக்காத பகுதியை இன்றே அளந்துவிடுங்கள். பழைய புகைப்படங்கள், முதியவர்களின் நினைவுகள் எல்லாம் உதவும். ஆனால் நினைவிலிருந்து வந்ததை "நினைவிலிருந்து" என்று குறிப்பிட்டே எழுதுங்கள்.

4. கைவைக்காத ஒரு இடத்தையும் அளங்கள்

எல்லோரும் தவிர்க்கப் பார்க்கும் படி இது. "நாம் வேலையே செய்யாத இடத்துக்கு ஏன் பணம் செலவழிக்க வேண்டும்?" என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். அவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

உங்கள் இடத்தில் பறவை இனங்கள் 12-இலிருந்து 18 ஆகின என்று வைத்துக்கொள்வோம். ஆறு இனம் கூடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதே காலத்தில், எதுவுமே செய்யாத பக்கத்து நிலத்தில் 11 இனம் 15 ஆகியிருக்கிறது. அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்ததால் எல்லா இடத்திலும் பறவை கூடியிருக்கிறது. உங்கள் வேலையின் பங்காகச் சொல்லத்தக்கது ஆறில் நான்கைக் கழித்த இரண்டுதான். முன், பின், வேலை நடந்த இடம், நடக்காத இடம் என்ற நான்கு எண்களும் இருந்தால்தான் இந்தக் கழித்தலைச் செய்ய முடியும்.

ஒப்பீட்டு இடம் மண், சரிவு, முந்தைய பயன்பாடு ஆகியவற்றில் உங்கள் இடத்தை ஒத்திருக்க வேண்டும். ஒன்றைவிட இரண்டு மூன்று இருந்தால் நல்லது. வேலியை ஒட்டியே எடுக்காதீர்கள். உங்கள் நிலத்தில் மேய்ச்சலைத் தடுத்ததும் கால்நடைகள் அங்கேதான் போயிருக்கும். அப்போது அந்த இடம் உங்களால் மோசமாகியிருக்கும், உங்கள் இடமோ ஒப்பீட்டில் பிரமாதமாகத் தெரியும். இந்த இடப்பெயர்வைத் தனியாகவே கவனித்துப் பதிவு செய்யுங்கள்.

முடிந்தால் மூன்றாவதாக ஒரு நல்ல நிலையில் உள்ள இயற்கையான இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அது காட்டும்.

5. அளக்கும் புள்ளிகளைக் கண்ணால் தேர்வு செய்யாதீர்கள்

நாமாகத் தேர்ந்தெடுத்தால் பாதையோரமும் செழிப்பான மூலையும்தான் மாட்டும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் நில எல்லையை வரைந்து, அதற்குள் குருட்டுவாக்கில் புள்ளிகள் போடச் சொல்லுங்கள். மேடு, தாழ்வு, கரையோரம் என்று நிலம் தெளிவாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகப் புள்ளிகள் போடுங்கள். முள்புதருக்குள் விழுந்த புள்ளிக்கும் போயாக வேண்டும். அங்கே போக முடியாவிட்டால் "போக முடியவில்லை" என்று எழுதுங்கள், பக்கத்தில் வசதியான இடத்துக்கு நகர்த்தாதீர்கள்.

வட்ட மாதிரிக் கட்டத்துக்கு ஒரு முளையும் கயிறும் போதும். 11.28 மீட்டர் கயிறு சுற்றினால் 400 சதுர மீட்டர், 5.64 மீட்டர் கயிறு சுற்றினால் 100 சதுர மீட்டர். நீட்டினால் நீளாத கயிறாக வாங்குங்கள்.

எத்தனை போதும்? நூறு கன்றுகளைப் பார்த்து அறுபது உயிரோடு இருந்தால், உண்மையான பிழைப்பு விகிதம் ஏறக்குறைய 50-லிருந்து 70 சதவீதத்துக்குள் எங்கோ இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். நூறும் ஒரே மூலையில் நின்றவை என்றால் அதுகூடச் சொல்ல முடியாது. அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் நூறு போதாது.

6. அளவீடுகள், அவற்றுக்குள் இருக்கும் குழிகள்

*கன்றுகள்.* நட்ட 3, 6, 12, 24, 36 மாதங்களில் எண்ணுவது நல்ல அட்டவணை. இங்கே உள்ள பெரிய குழி மறுநடவு. 1,000 கன்று நட்டீர்கள், முதலாண்டில் 300 செத்தன, 300 புதிதாக வைத்தீர்கள், இரண்டாமாண்டில் 850 நிற்கின்றன. "85 சதவீதம் பிழைத்தது" என்று எழுதிவிடுவார்கள். நட்டதோ 1,300. ஆகவே 65 சதவீதம். மறுநடவுக் கன்றுகளுக்கு வேறு நிறத்தில் அடையாளம் கட்டிவிட்டால் இந்தக் குழப்பமே வராது. உயிரோடு இருப்பது மட்டும் போதாது, உயரமும் தண்டின் பருமனும் எழுதுங்கள். மூன்றாண்டாகியும் முழங்கால் உயரத்தில் நிற்கும் கன்று பிழைத்த கணக்கில் வரும், காடாக வராது.

*மரங்களும் கார்பனும்.* தண்டின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளந்து 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு. சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து 1.3 மீட்டர். குறுக்களவிலிருந்து சமன்பாடு மூலம் உலர் எடை, அதை 0.47-ஆல் பெருக்கினால் கார்பன், அதை 3.67-ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்ஸைடு. அதாவது 100 கிலோ உலர் எடை சுமார் 172 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். கணக்கு எளிதாக இருப்பதே ஆபத்து. பரவலாகப் பயன்படும் சமன்பாடுகள் பல 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் பருமனுள்ள மரங்களை வைத்து உருவாக்கப்பட்டவை. சுண்டுவிரல் பருமனுள்ள கன்றுக்கு அதைப் போட்டு வரும் எண்ணுக்குப் பொருளில்லை. நட்ட நாளன்றே "இத்தனை டன் கார்பனைச் சேமித்தோம்" என்று பேனர் அடிப்பவர்களோடு சேராதீர்கள்.

*நீர்.* கரைந்த ஆக்சிஜன், காடித்தன்மை காட்டும் பிஎச், கலங்கல், வெப்பநிலை ஆகிய நான்கையும் நீர்நிலையிலேயே அளந்துவிடலாம். கரைந்த ஆக்சிஜன் ஒரே நாளில் ஏறி இறங்கும். பாசிகள் இரவெல்லாம் ஆக்சிஜனை உறிஞ்சுவதால் விடியலுக்கு முன் மிகக் குறைவு, பிற்பகலில் மிக அதிகம். சென்ற ஆண்டு காலை ஆறு மணிக்கும் இந்த ஆண்டு பகல் மூன்று மணிக்கும் அளந்தால் குளம் தானாகவே "மீண்டுவிடும்". லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும், 2-க்குக் கீழே பெரும்பாலானவை தாங்காது. எனவே விடியற்காலை அளவுதான் உண்மையைச் சொல்லும். பிஎச் மீட்டரை ஒவ்வொரு களப்பயணத்துக்கு முன்பும் பிஎச் 4, 7, 10 என்று தெரிந்த கரைசல்களால் சரிபார்த்து, சரிபார்த்த தேதியை எழுதுங்கள். கலங்கலுக்கு விலை உயர்ந்த கருவி இல்லையென்றால் செக்கி தட்டு: 20 செ.மீ. விட்டம், கறுப்பும் வெள்ளையும் நான்கு கால்வாசிகளாகப் பூசியது, நடுவில் அளவு போட்ட கயிறு. எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பதுதான் அளவு.

ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரிகளைக் குளிர்ப்பெட்டியில், வெளிச்சம் படாமல் கொண்டுபோக வேண்டும். நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்க்கும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைச் சோதனைக்கு மட்டும் 20 டிகிரியில் ஐந்து நாள் பிடிக்கும். எத்தனை மணி நேரத்துக்குள் பாட்டில் வந்து சேர வேண்டும், வார இறுதியில் வாங்குவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்த மாதிரியைத் திங்கள்கிழமை கொடுத்தால் கட்டணம் போகும், எண்ணும் கிடைக்காது.

*பறவைகள், பூச்சிகள்.* நிலைப்புள்ளியில் நின்று 10 நிமிடம், நிற்கும் இடத்திலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள், சூரியன் உதித்த முதல் சில மணி நேரத்தில், புள்ளிக்குப் புள்ளி குறைந்தது 200 மீட்டர் இடைவெளி. எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்று எழுதாத இனப்பட்டியல் அளவீடே அல்ல. அதிக நேரம் பார்த்தால் அதிக இனம் கிடைக்கும், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் தாம் பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் போன்ற இணையதளங்களில் உங்கள் இடத்தின் பதிவுகள் கூடியிருப்பதைப் பலன் என்று காட்டவும் கூடாது. நீங்கள் நிகழ்ச்சி நடத்தியதால் பதிவு செய்யும் ஆட்கள் கூடியிருக்கலாம். அரிய இனங்களின் கூடு, வளை இருக்கும் சரியான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

*மண்.* பொறுமை வேண்டிய பகுதி. மண்ணிலுள்ள கரிமக் கார்பன் மெதுவாக மாறும். ஐந்தாண்டுக்குள் மாற்றம் தெரியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். 0 முதல் 30 செ.மீ. ஆழம் என்று முடிவு செய்தால் எப்போதும் அதே ஆழம். மண்ணின் அடர்த்தியையும் சேர்த்து அளக்காவிட்டால் எக்டேருக்கு எவ்வளவு கார்பன் என்று கணக்கிட முடியாது. சீக்கிரம் தெரியக்கூடிய மாற்றம் வேண்டுமென்றால் நீர் உறிஞ்சும் வேகத்தை அளங்கள்: மண்ணில் இறக்கிய வளையத்துக்குள் நீர் ஊற்றி, மட்டம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்கும் சோதனை.

*செயற்கைக்கோள்.* என்டிவிஐ என்ற பசுமைக் குறியீடு, தாவரங்கள் சிவப்பு ஒளியை உறிஞ்சி அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதை வைத்து -1 முதல் +1 வரை ஒரு எண்ணைத் தரும். இலவசம், பழைய ஆண்டுகளுக்கும் கிடைக்கும், வரைபடம் அழகாக வரும். அதனாலேயே அளவுக்கு மீறி நம்பப்படுகிறது. அது பசுமையைத்தான் பார்க்கும், என்ன பசுமை என்று பார்க்காது. குளத்தை ஆகாயத்தாமரை மூடினாலும் எண் ஏறும். இயற்கையான புல்வெளியில் மரம் நட்டு அதன் இயல்பைக் கெடுத்தாலும் எண் ஏறும். ஒரு எக்டேர் நிலம் சென்டினல்-2-இல் 100 படப்புள்ளிகள், லேண்ட்சாட்டில் வெறும் 11. சிறிய நிலத்துக்கு லேண்ட்சாட்டை வைத்துப் பெரிய முடிவு எடுக்காதீர்கள்.

7. மக்களைக் கேட்பது

கூட்டத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை, பயிற்சி பெற்றவர்கள் எண்ணிக்கை எல்லாம் மறுபடியும் நீங்கள் செய்த வேலையின் கணக்குத்தான். அதிலும் ஒரே ஆள் மூன்று கூட்டங்களுக்கு வந்தால் மூன்று பயனாளிகள் ஆகிவிடுவார். பெயரையும் கையொப்பத்தையும் வைத்து ஆளை ஒருமுறை மட்டும் எண்ணுங்கள்.

வீட்டு வாரியாகக் கணக்கெடுக்கும்போது 10 சதவீதம் முன்பின் போனால் பரவாயில்லை என்றால், பெரிய மக்கள்தொகைக்குச் சுமார் 96 வீடுகள் போதும். மொத்தமே 120 வீடுகள் என்றால் 54. இரண்டுமே 95 சதவீத நம்பக நிலைக்கான எண்கள், குலுக்கல் முறையில் தேர்வு செய்தால் மட்டுமே பொருந்தும். ஆண்கள், பெண்கள், நிலமுள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்துப் பேச வேண்டுமானால் ஒவ்வொரு பிரிவுக்கும் போதுமான எண்ணிக்கை தேவைப்படும், மொத்தமும் ஏறும்.

யார் கேட்கிறார் என்பது என்ன கேட்கிறார் என்பதைப்போலவே முக்கியம். கன்றும் கூலியும் கொடுத்த அமைப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் "திட்டத்தால் பயன் உண்டா?" என்று கேட்டால், யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். திட்டத்தோடு தொடர்பில்லாதவரை அனுப்புங்கள். திட்டத்தின் பெயரைச் சொல்லாமல் நடப்பைக் கேளுங்கள்: நேற்று தண்ணீர் எடுக்க எவ்வளவு நேரம் ஆயிற்று, கடந்த ஏழு நாளில் விறகு எங்கிருந்து வந்தது. "கடந்த ஓராண்டில் வருமானம் எவ்வளவு" என்ற கேள்விக்கு வரும் எண் பெரும்பாலும் ஊகம்.

இழந்தவர்களைத் தேடிப்போய்க் கேளுங்கள். வேலி போட்டதால் மேய்ச்சல் இழந்தவர், தூர்வாரியதில் கரையோரச் சாகுபடி போனவர், காவல் வந்ததால் விறகு எடுக்க முடியாமல் போன பெண்கள். இவர்கள் கூட்டங்களுக்கு வர மாட்டார்கள். சராசரியில் கரைந்துபோவார்கள். ஆண்கள் இருக்கும் இடத்தில் பெண்கள் பேசாத சூழல் என்றால் தனியாக உட்கார்ந்து பேசுங்கள், கேட்பவரும் பெண்ணாக இருக்கட்டும்.

பெயரும் பதில்களும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. பதில்களில் குறியீட்டு எண் மட்டும், பெயர்ப் பட்டியல் பூட்டிய வேறு கோப்பில்.

8. செலவு

திட்டச் செலவில் 5 முதல் 10 சதவீதத்தை அளவீட்டுக்கு ஒதுக்குவது பரவலான வழக்கம். சின்னத் திட்டங்களுக்கு இது போதாமல் போகலாம், ஏனென்றால் நிலம் சிறியதானாலும் நெறிமுறை எழுதவும் ஆளைப் பயிற்றவும் ஆகும் உழைப்பு ஒன்றுதான்.

பணம் எங்கே போகும் என்பது முதல்முறை செய்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். கருவிகள் பெரிய செலவு அல்ல. ஆட்களின் நேரம்தான் முதலிடம், பிறகு போக்குவரத்து, பிறகு ஆய்வகக் கட்டணம். ஆய்வகம் மாதிரிக்கு இவ்வளவு என்று வாங்கும். எனவே புள்ளிகள், தடவைகள், சோதனைகள் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 6 புள்ளி, ஆண்டுக்கு 4 தடவை, 5 சோதனை என்றால் 120 கட்டணங்கள். தரம் பார்க்க அனுப்பும் இரட்டை மாதிரிகளுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். கருவி வாங்கும்போது அதன் உணரி எத்தனை ஆண்டு உழைக்கும், மாற்று உணரி என்ன விலை என்பதையும் கேளுங்கள். மென்பொருளுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. கியூஜிஐஎஸ், ஓடிகே ஆகியவை இலவசம், கோபோடூல்பாக்ஸிலும் சிறிய திட்டங்களுக்குப் போதுமான இலவச வசதி உண்டு. கடைசி இரண்டும் இணையம் இல்லாத இடத்திலும் கைபேசியில் படிவம் நிரப்ப உதவும்.

நிதி இரண்டாண்டில் முடியும், மரம் இரண்டாண்டில் முடியாது. ஐந்தாம் ஆண்டு அளவீட்டுக்கான தொகையை ஒப்பந்தத்திலேயே தனித் தலைப்பாகக் கேளுங்கள். மறுத்தால், அந்த அளவீட்டை யார் சம்பளத்தில் செய்வது என்று ஒரு கல்லூரியுடனோ உள்ளூர்க் குழுவுடனோ எழுத்தில் பேசி முடியுங்கள்.

9. எப்போது என்ன தெரியும்

முதல் ஆண்டில் பிழைப்பு விகிதம், நீரின் கலங்கல், மக்கள் பங்கேற்பு தெரியும். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளில் செடிகளின் கலவை, பறவை பூச்சி வருகை, நீர் உறிஞ்சும் வேகம், வீடுகளின் அன்றாடத்தில் வந்த மாற்றம். மண் கார்பன், காட்டின் அடுக்கமைப்பு, மரங்கள் தாமாக மறுபடி முளைப்பது எல்லாம் ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு மேல். நிதி தருபவரிடம் இந்த வரிசையைத் திட்டம் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள். ஆறாம் மாத அறிக்கையில் பல்லுயிர்ப் பெருக்கம் கேட்கப்பட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.

10. தரவை அன்றன்றே பதியுங்கள்

களத்தாளை அன்று மாலையே கணினியில் ஏற்றுங்கள். ஒரு வாரம் போனால் "3-ஆ, 8-ஆ" என்று எழுதியவருக்கே தெரியாது. தாளையும் தூக்கி எறியாதீர்கள், படமெடுத்து வையுங்கள்.

பூஜ்யமும் வெற்றுக்கட்டமும் ஒன்றல்ல. தேடினோம், இல்லை என்றால் 0. தேடவே இல்லை என்றால் அதற்கென ஒரு குறியீடு. இதைக் குழப்பினால் சராசரி எல்லாமே கெட்டுவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் மட்டும் திருத்துங்கள். இடையில் முறையை மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு பருவம் முழுக்கப் பழைய முறையிலும் புதிய முறையிலும் சேர்த்து அளங்கள். அப்போதுதான் இரண்டு தொடர்களையும் ஒட்ட முடியும்.

11. அறிக்கை

எண்ணோடு அதன் நிச்சயமின்மையையும் போடுங்கள்: "60 சதவீதம்" என்பதைவிட "50 முதல் 70 சதவீதத்துக்குள்" நேர்மையானது. அந்த ஆண்டின் மழை அளவைத் தவறாமல் சேருங்கள். மாறாத குறியீடுகளையும் மோசமான குறியீடுகளையும் அதே பட்டியலில் அதே எழுத்தளவில் காட்டுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கிப் போட்ட அறிக்கையை அனுபவமுள்ளவர்கள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நிதி தருபவருக்கு அனுப்பும் முன் அந்த மக்களுக்குக் காட்டுங்கள். அவர்கள் மொழியில், படங்களோடு, ஒரு மாலை. "இந்த எண் தப்பு, அந்த மாதம் மதகு உடைந்து கிடந்தது" என்பது போன்ற தகவல் அங்கேதான் கிடைக்கும். அதற்கு ஒதுக்க வேண்டிய நாட்களை அறிக்கைக் கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணி முன்பே அட்டவணையில் போட்டுவிடுங்கள். பிறகு நெறிமுறை, புள்ளிகளின் வரைபடம், மூலத் தரவு, கருவிப் பதிவேடு, அனுமதிக் கடிதங்களின் நகல் அனைத்தையும் ஒரே உறையில் போட்டு, ஒன்றை நிலத்துக்கு உரியவரிடமும் ஒன்றை உங்கள் அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடமும் கொடுங்கள். அடுத்த அளவீட்டின் மாதத்தையும் ஆண்டையும் உறையின் மேலேயே எழுதுங்கள்.